மூடி திறக்காத போத்தல்

என் வீட்டுக்காரருடைய கருமாதி போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் வந்து விழுந்தது. போயா அன்றைக்குக் கண்டியில் பார் எல்லாம் மூடியிருக்கும். படையலுக்கு வைக்க வேண்டிய சாராயத்தை முதல் நாளே வாங்கிவிட வேண்டும் என்று என் கொழுந்தனார் தெல்தோட்டையில் இருந்து பகல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். நேராகப் பாருக்குப் போய் வரிசையில் நின்றாராம். போயாவுக்கு முதல் நாள் அந்த வரிசை ரோட்டு வரைக்கும் வரும். காற்சட்டை போட்ட ஐயாமாரும் நிற்பார்கள், மூட்டை தூக்குகிறவர்களும் நிற்பார்கள். அந்த ஒரு வரிசையில்தான் யாரும் யாரையும் தள்ளிவிட்டு முன்னால் போவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

கொழுந்தனார் பத்திரிகைத் தாளில் சுற்றிய போத்தலை என் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வைங்க அண்ணி. அண்ணன் குடிக்கிற அதே சாதி. வேற வாங்கினா கோவிச்சுக்குவாரு."

"நீங்களே வச்சிருந்து நாளைக்குக் கொண்டு வாங்களேன் தம்பி."

"நானா? நான் இன்னிக்கு மச்சான் வீட்டுல தங்குறேன். அங்க கொண்டு போனா நாளைக்குப் போத்தல் மட்டும்தான் வரும்."

சொல்லிச் சிரித்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். அவர் கெட்ட மனுசன் இல்லை. என் மகன் வேலை முடிந்து வந்தால் இந்த வீட்டில் நானும் அவனும் போத்தலும் மட்டும்தான் இருப்போம் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மகன் குடியை விட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவன் ஹாட்வெயார் கடையில் வேலை. முதலில் சம்பள நாளில் குடித்தான், பிறகு சனிக்கிழமை, பிறகு கிழமை எல்லாம் ஒன்றாகிவிட்டது. மருமகள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹுன்னஸ்கிரியவில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவனே போய் ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் தங்கி மருந்து எடுத்தான். வந்ததில் இருந்து சட்டைப் பையில் புளி டொபி மிட்டாய் வைத்திருக்கிறான். குடிக்க வேண்டும் போல் வந்தால் ஒன்றை எடுத்து வாயில் போடுவான். கடையில் கேலி செய்கிறார்களாம், சின்னப் பாப்பா என்று.

மருமகள் சாவு வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குழி வெட்டுகிறவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் போத்தல் கொடுக்க வேண்டுமே, அதைக் கொள்ளி வைக்கிற மகன்தான் கையால் கொடுக்க வேண்டும். கொடுத்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மருமகள் போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"கருமாதிக்கு வாறேன் அத்தை. அது வரைக்கும் அவரு இப்படியே இருந்தா பிள்ளையோட வந்து இங்கேயே இருந்திடுறேன். இல்லாட்டி இனிக் கூப்பிடாதீங்க."

அதனால் அந்தப் போத்தல் எனக்கு வெறும் போத்தல் இல்லை.

அலுமாரியில் வைக்கலாம் என்றால் அலுமாரிக்குப் பூட்டு இல்லை. இவன் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் உடைத்தது. அரிசி வாளிக்குள் வைக்கலாம் என்றால், அவன்தான் சில நாள் அரிசி எடுத்துக் கழுவிப் போடுகிறவன். எங்கள் வீடு மாநகர சபைத் தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த பழைய வரிசை வீடுகளில் ஒன்று. ஓர் அறை, ஒரு முன் கூடம், சமைக்க ஒரு குசினி. ஒளித்து வைக்க இந்த வீட்டில் இடமே கிடையாது. என் வீட்டுக்காரருக்கும் அது நன்றாகத் தெரியும். அதனால் அவர் எதையும் ஒளித்ததே இல்லை.

அவர் குப்பை லொறியில் வேலை செய்தார். மூக்குக்குள் இருக்கிற நாத்தம் போக வேண்டும் என்று ஆரம்பித்தாராம். லொறியில் போன எல்லாரும் அப்படித்தான். எல்லாரும் குடிக்கிறபோது அதற்குக் குடி என்று பெயர் கூட இல்லை. வேலை முடிந்து கை கால் கழுவுகிற மாதிரி அதுவும் ஒன்று. எங்கள் வரிசையில் பிள்ளைக்குப் பேர் வைத்தாலும் குடிப்பார்கள், பெண் பிள்ளை பெரியவள் ஆனாலும் குடிப்பார்கள், சம்பளம் கூடினாலும் குறைந்தாலும் குடிப்பார்கள். குடிக்காத ஆண்பிள்ளையைப் பார்த்தால், பாவம், ஈரல் போயிருக்கும் என்பார்கள். இப்போது இளசுகளிடம் வேறு வேறு சாமான் வந்திருக்கிறது. போதை மாத்திரையைக் குளிசை என்கிறார்கள், தூள் என்கிறார்கள், ஐஸ் என்கிறார்கள். ஐஸ் என்றால் முதலில் நான் குளிர்பெட்டியில் இருப்பதைத்தான் நினைத்தேன்.

போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ராத்தாவிடம் போனேன். அவர்கள் முஸ்லிம் ஆட்கள், ராத்தா என்றால் அக்கா என்றுதான் அர்த்தம். என்னை விட மூத்தவர். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒரு நாடாவில் சாவிக்கொத்து தொங்கும், எப்போதும் தொங்கும். அவருடைய கடைசி மகன் குளிசைக்குப் பழகிப்போன பிள்ளை. வீட்டில் இருந்த கேஸ் சிலிண்டரையே தூக்கிக்கொண்டு போனவன்.

"வாங்க புள்ள. என்ன பைக்குள்ள?"

சொன்னேன். ஒரு நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது, யாரிடம் போய் எதைக் கேட்கிறேன் என்று.

ராத்தா கோபப்படவில்லை, முடியாது என்று மட்டும் சொன்னார்.

"ஏலா புள்ள. எங்கட ஊட்டுல அது ஈக்க ஏலா." கீரையைக் கீழே வைத்தார். "எங்கட ஊட்டுல அது ஒண்டு மட்டும்தான் இல்லாம ஈக்கி. மத்தது எல்லாம் வந்திட்டு."

நான் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஒங்கட மனிசன் குடிச்சா வாசத்துல தெரியும்," என்றார். "பாட்டுப் படிச்சிட்டு வந்தாரு, ஊருக்கே தெரியும். இவன் போட்டா வாசமும் இல்ல, சத்தமும் இல்ல. நான் அவன்ட கண்ணப் பாத்துத்தான் கண்டுபுடிக்கணும். பள்ளிக்கூடப் புள்ளையளும் இதான் செய்யிதாம். பேக்கு செக் பண்றாங்களாம், அப்பவும் கொண்டு போவுதாம். வாயப் புளந்து பாக்கவா ஏலும்?"

பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு பூட்டைக் கொண்டு வந்தார். கையை விடப் பெரிய பூட்டு.

"எங்கட ஊட்டுல பூட்டுக்குக் கொறவில்ல. இதக் கொண்டு போங்க. பூட்டிப் போட்டுச் சாவிய ஒடம்பு மேலயே வெச்சிக்கோங்க. கீழ வெச்சா போச்சி."

எங்கள் வீட்டில் என் கலியாணத்துக்கு வந்த தகரப் பெட்டி ஒன்று இருந்தது. பழைய சீலைகளை வெளியே எடுத்துப் போட்டு, போத்தலைத் துவாயில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டினேன். சாவியை மேலே வைத்துக்கொள்ள எனக்கு ராத்தாவைப் போல நாடா இல்லை. தாலிக் கயிறு இருந்தது. கருமாதி வரைக்கும் அது கழுத்தில்தானே இருக்கும். அதில் கோத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன்.

மகன் பொழுது படுகிற நேரத்தில் வந்தான். முகம் கழுவினான். வெளியே கிடந்த சீலைகளைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான்.

"சித்தப்பா வந்திட்டுப் போனாரா?"

"ம்."

"வாங்கிட்டு வந்தாரா?"

நான் சீலைகளை எடுத்து மடித்தேன். அவன் சிரித்தான். சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"இந்தப் பூட்டு ராத்தா வீட்டுப் பூட்டு. இதுக்குப் பெட்டியே தாங்காது. தகரத்த நெம்பினா வந்திடும்மா."

"நெம்புவியா?"

அவன் கதிரையில் உட்கார்ந்து டொபி ஒன்றைப் பிரித்தான். தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

"தெரியாது," என்றான். "சாவி எங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க. நாளைக்கு எல்லார் முன்னாலயும் ஒரு வாய் குடின்னு தருவாங்க. அத நினைச்சாலே வாய் ஊறுது. அப்பாவ நினைச்சு அழ வேண்டிய நேரத்துல எனக்கு வாய் ஊறுது."

எங்கள் சனத்தில் முறை அப்படி. செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதை எல்லாம் இலையில் படைக்க வேண்டும். படைத்த பிறகு கொள்ளி வைத்த மகன் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் எதில் செத்தாரோ அதையே அவருக்கும் கொடுத்து, அவர் மகனுக்கும் கொடுக்கிற முறை. யார் வைத்த முறையோ தெரியாது. யாரும் அதைக் கெட்டது என்று நினைத்துச் செய்வதில்லை. செத்தவருக்குக் குறை வைக்கக் கூடாது என்றுதான் செய்கிறார்கள்.

சோறு போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டான். பாயைப் பெட்டிக்கு முன்னால் விரித்து நான் படுத்துக்கொண்டேன். அவன் முன் கூடத்தில் படுத்தான். விடிந்தபோது பூட்டு அப்படியே இருந்தது.

காலையில் ஆண்கள் எல்லாரும் மகாவலிக் கரைக்குப் போனார்கள். அங்கே மகனுக்கு மொட்டை அடித்துச் சடங்கு செய்வார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தோம். கொழுந்தனார் பெண்சாதி விடியலிலேயே மகனோடு தெல்தோட்டையில் இருந்து வந்திருந்தாள். மருமகளும் முதல் பஸ்ஸிலேயே பிள்ளையோடு வந்துவிட்டாள். பையைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள், அவிழ்க்கவில்லை.

குசினிக்குப் பின்னால் என்னை மனைப்பலகையில் உட்கார வைத்தார்கள். வயதான கைம்பெண்கள் இரண்டு பேர் தாலியைக் கழற்ற வந்தார்கள். பக்கத்தில் கிண்ணத்தில் பால் இருந்தது. கழற்றிப் பாலில் போடுவது வழக்கம். கண்ணை மூடிக்கொண்டேன். வளையலை எடுத்தார்கள், பூவை எடுத்தார்கள். கயிற்றை இழுத்தார்கள். பாலுக்குள் டங் என்று ஒரு சத்தம் கேட்டது.

கொழுந்தனார் பெண்சாதி கிண்ணத்துக்குள் விரலை விட்டாள்.

"அக்கா, என்னக்கா இது? தாலியோட சாவி?"

எனக்கு மறந்தே போயிருந்தது.

"போத்தல் சாவி," என்றேன்.

ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். தாலி கழற்ற வந்த பெரியவள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "சரியாத்தான் கோத்திருக்கா. நமக்கெல்லாம் தாலியோட அதையும் சேத்துத்தானே கட்டுனாங்க," என்றாள். நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது, இரண்டும் ஒன்றாகவே வந்தது.

மருமகள் சிரிக்கவில்லை. பாலில் இருந்து சாவியை எடுத்துத் துடைத்தாள். உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மூடியைச் சுற்றி இருக்கிற சீல் வளையத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். சீல் உடையவில்லை. என்னைப் பார்த்தாள். கொண்டு போய்ப் படையல் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஆண்கள் வந்தார்கள். மகன் மொட்டைத் தலையோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். சோறு, கருவாட்டுக் கறி, வடை, பீடிக் கட்டு, வெத்திலை, எல்லாம் இருந்தது. நான் ஒரு கிளாஸில் பால் ஊற்றாத தேயிலைச் சாயத்தண்ணியும் வைத்திருந்தேன். சூடம் கொளுத்திக் கும்பிட்டார்கள்.

"மூடியத் திறந்து ஊத்துடா," என்றார் கொழுந்தனார்.

மகனுடைய கை போத்தல் பக்கம் போனது. மருமகள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

ஆண்கள் நடுவில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கலியாணம் ஆனதில் இருந்து குசினிக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறேன். அன்றைக்கும் அங்கேதான் நின்றேன்.

"திறக்க வேணாம் தம்பி," என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூடியத் திறக்காட்டி அண்ணன் எப்படிக் குடிப்பாரு அண்ணி?"

"அவரு மூடி திறக்க யாரையும் கூப்பிட்டதே இல்ல தம்பி."

லொறியில் கூட வேலை செய்த பெரியவர் ஒருவர் கொல்லென்று சிரித்துவிட்டார். "அது மெய்தான். பல்லாலயே திறப்பான்."

கொழுந்தனாரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "சரி, அவரு பாத்துக்குவாரு. இவன் ஒரு வாய் எடுக்கணுமே. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"விடிஞ்சு எந்திரிச்சதும் அவரு என் கையால வாங்கிக் குடிச்சது சாயத்தண்ணி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அதையும் வச்சிருக்கேன். மகன் அத எடுக்கட்டும்."

மகன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாயத்தண்ணிக் கிளாஸை எடுத்துக் கடைசி வரைக்கும் குடித்தான். ஆறிப்போன சாயம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கொழுந்தனாருக்கு மனது கேட்கவில்லை. அண்ணன் வாய் நனையாமல் போகக் கூடாது, குடும்பத்தில் யாராவது ஓர் ஆண் எடுத்தால்தான் சரி என்றார். போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். சீல் உடைகிற சத்தம் கேட்டது. கிளாஸில் ஊற்றித் தன் மகனைக் கூப்பிட்டார்.

"நீ எடுடா. பெரியப்பாவுக்காக."

அந்தப் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகிறவன். பரிட்சை வருது, புள்ளைக்கு எதுக்கு என்று அவன் அம்மா மெதுவாகச் சொன்னாள். ஒரு வாய்தானே, பிரசாதம் மாதிரி என்றார் அப்பா.

அவன் வாங்கினான். ஒரே மடக்கு. முகம் சுளிக்கவில்லை, இருமவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக் கிளாஸை அப்பாவிடம் நீட்டினான். முதல் தரம் குடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும். மற்றப் பெண்களுக்கும் தெரிந்திருக்கும். கொழுந்தனார் பெண்சாதி குனிந்து வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மிச்சத்தை ஆண்கள் வீட்டுக்குப் பின்னால் கொண்டு போனார்கள்.

பின்னேரம் தெல்தோட்டை ஆட்களை வழியனுப்ப பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நானும் போனேன். கருமாதி முடிந்த அன்றைக்கே நான் வெளியே இறங்கக் கூடாதுதான். யாரும் தடுக்கவில்லை, எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். கொழுந்தனார் சீட்டில் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார். அந்தப் பிள்ளை பஸ் கிளம்பும் வரைக்கும் கீழே என் பக்கத்தில் நின்றான்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"எது பெரியம்மா?"

நான் புறங்கையால் வாயைத் துடைத்துக் காட்டினேன்.

"எங்க வகுப்புல குடிக்காதவங்களத்தான் தேடணும் பெரியம்மா," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். "நான் பரவாயில்ல. குளிசை எல்லாம் போடுறதில்ல. சாராயம் மட்டும்தான், அதுவும் எப்பவாவது. அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க."

சொல்லி என்ன ஆகப் போகிறது. என் மகனுக்கு வர வேண்டிய ஒரு வாய்ச் சாராயத்தை நான் தட்டிவிட்டேன், அது இவன் பக்கம் போனது. நான் தட்டாமல் இருந்தாலும் இவன் இப்படித்தான் இருந்திருப்பான். மாறி மாறி இதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். சீலைத் தலைப்பில் மகனுடைய புளி டொபி கொஞ்சம் கிடந்தது, காலையில் ஆற்றுக்குப் போகும்போது சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோது எடுத்து முடிந்துவைத்தது. அதை அவிழ்த்து அந்தப் பிள்ளை கையில் கொடுத்தேன்.

"டொபியா? நான் என்ன சின்னப் புள்ளையா பெரியம்மா?"

சொல்லிக்கொண்டே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டான். கண்ணை இறுக்கி மூடி முகத்தைக் கோணலாகச் சுளித்தான். சரியான புளிப்பு அது. அந்த முகத்தோடு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினான்.

வீட்டுக்கு ஏறி வர நேரம் எடுத்தது. கால் வலி. ராத்தா வாசலில் நின்று, முடிஞ்சா புள்ள என்று கேட்டார். முடிந்தது என்றேன். பூட்டை நாளைக்குத் தருகிறேன் என்றேன். "வெச்சிக்கோங்க," என்றார், "தேவப்படும்."

வீட்டில் மகன் படையல் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை அவன் மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தது. ஹுன்னஸ்கிரியவுக்குக் கடைசி பஸ் போயிருக்கும். மருமகளின் பை கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. இன்னும் அவிழ்க்கவில்லை. அவள் குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"போத்தல் எங்கம்மா?" என்று மகன் கேட்டான், பாத்திரத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"முடிச்சிட்டாங்க. வெறும் போத்தல் பின்னால கிடக்கு."

"சரி," என்றான்.

குசினியில் மருமகளின் கை ஒரு நிமிசம் நின்றது எனக்குத் தெரிந்தது. அவன் எதற்குக் கேட்டான் என்று அவளும் யோசித்திருப்பாள். நானும் யோசித்தேன். பிறகு பின்பக்கம் போய் அந்த வெறும் போத்தலை எடுத்து, கழுவி, மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். ஆண்கள் குடித்த கிளாஸையும் அடியில் வாசம் கூட இல்லாமல் கழுவினேன். வந்து பார்த்தபோது மருமகள் எல்லாருக்கும் சாயம் ஊற்றி வைத்திருந்தாள். உட்கார்ந்து குடித்தோம்.